வாயாடியின் பின்னறை

பல் செட் செய்கிறவர்களுக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. எதிரே நிற்கிற ஆளின் முகத்தைப் பார்க்க மாட்டார்கள், வாயைத்தான் பார்ப்பார்கள். நம்முடைய பல்லுக்காரியும் அப்படித்தான். கட்டிக்கொள்ளப் போகிறவனிடம் முதன்முதலாகப் பேசியபோதே, "கீழ்வரிசையில ரெண்டு பல்லு இடிச்சுக்கிட்டு நிக்குதே, கவனிக்கலையா?" என்று கேட்டவள் அவள். அந்த மனுஷனும் கோபித்துக்கொண்டு எழுந்து போகாமல் அவளையே கட்டிக்கொண்டான்.

வீட்டின் முன்னறைதான் அவள் பட்டறை. ஜன்னலோரம் நீள மேசை, அதன்மேல் வாய் பிளந்த மாவுத் தாடைகள், மெழுகு உருக்க ஒரு சின்ன விளக்கு, தேய்க்கிற மோட்டார். எதைத் தொட்டாலும் கையில் வெள்ளைத் தூசி. டாக்டர்கள் நோயாளியின் வாயில் அச்சு எடுத்து அனுப்புவார்கள். அதில் பிளாஸ்டர் மாவு ஊற்றி, இறுகியதும் மெழுகில் பல்லை அடுக்கி, ஈறு வைத்து, வேகவைத்து, மெருகேற்றிக் கொடுப்பது இவள் வேலை. வேலையில் பாதி, சும்மா உட்கார்ந்து காத்திருப்பதுதான். மாவு இறுக வேண்டும், மெழுகு ஆற வேண்டும், செட் வெந்நீரில் வேக வேண்டும்.

காத்திருக்கிற நேரத்தில் போனில் வீடியோ பார்த்துப் பார்த்து ப்ரோக்ராம் எழுதக் கற்றுக்கொண்டாள். அறிவு தாகம் என்றெல்லாம் யாரும் நினைத்துக்கொள்ள வேண்டாம், முழுக்க எரிச்சல்தான். "செட் ஆச்சா, செட் ஆச்சா" என்று டாக்டர்கள் மெசேஜ் அனுப்பி உயிரை வாங்கினார்கள். அவர்களைச் சமாளிக்க ஒரு சாட் பாட் செய்தாள். "ஆகிட்டே இருக்கு டாக்டர், அவசரப்பட்டா ஈறு புண்ணாகும் டாக்டர்" என்று அது பதில் போடும். அவளே பேசுகிறாள் என்று நினைத்து அவர்களும் அடங்கினார்கள். அப்படியே விட்டிருந்தால் ஒரு வம்பும் இல்லை. ஆனால் அது நாத்தனாரின் கண்ணில் பட்டுவிட்டது.

நாத்தனார் என்றால் கணவனின் அக்கா. பேருந்து நிலையத்தில் மைக் முன்னால் உட்கார்ந்து அறிவிப்பு சொல்கிற வேலையில் இருந்தவள். எந்தப் பேருந்து எந்த மேடைக்கு வருகிறது என்பதோடு அவள் நிறுத்திக்கொண்டதே கிடையாது. "மூணாம் மேடையில நிக்கிற கட்டம் போட்ட சட்டை அண்ணே, தின்ன பழத்தோலைக் குனிஞ்சு எடுங்க, உங்க இடுப்பு ஒண்ணும் உடைஞ்சு போகாது" என்று நிலையம் முழுக்கக் கேட்கும். குழந்தையைத் தொலைத்துவிட்டு அழுகிற தாய்க்கு மைக்கிலேயே ஆறுதல், அடுத்த மூச்சில் திட்டு. அந்த வாய்க்குப் பயந்து அங்கே பிக்பாக்கெட்காரன்கூட ஒழுங்காக நடந்துகொண்டான் என்று சொல்வார்கள். கல்யாணம் அவள் செய்துகொள்ளவில்லை. ஏன் என்று கேட்டால் கேட்கிற ஆளுக்குத் தகுந்தபடி ஒரு காரணம் சொல்வாள், ஒன்றுகூட நிஜமாக இருக்காது.

அப்பேர்ப்பட்டவளுக்குத் தொண்டையில் புற்று வந்தது. குரல்வளையை எடுத்துவிட்டார்கள். உயிர் தங்கியது, குரல் போனது. கழுத்தில் ஒரு துளை, அதன்மேல் ஒரு வெள்ளைத் துணி. தம்பி வீட்டுக்கு வந்தாள், எழுதி அழிக்கிற பலகை ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டாள்.

எழுதிப் பேசுகிறவர்களுக்கு இந்த உலகத்தில் என்ன மரியாதை என்று அப்போதுதான் பல்லுக்காரிக்குத் தெரிந்தது. நாத்தனார் பாதி வரி எழுதும்போதே எதிராளி, "ஆமாமா, புரியுது புரியுது" என்று தலையாட்டிவிட்டு நகர்ந்துவிடுவான். ஒரு மண்ணும் புரிந்திருக்காது. பார்க்க வந்த பழைய சிநேகிதிகள்கூட, காது கேட்காதவளிடம் பேசுவதுபோலக் கத்திப் பேசினார்கள். "அடி பாவிங்களா, போனது என் தொண்டை, காது இல்ல" என்று அவள் எழுதி முடிப்பதற்குள் அவர்கள் செருப்பை மாட்டிக்கொண்டிருப்பார்கள்.

அந்தச் சாட் பாட்டுக்கு இந்த அவசரம் இல்லை. எவ்வளவு மெதுவாகத் தட்டினாலும் காத்திருந்து பதில் சொல்லும். நாத்தனார் ஒருநாள் விளையாட்டாக அதனிடம் வாயைக் கொடுத்தாள், பிறகு விடவில்லை. "அடியே, இது என்ன டாக்டர்கிட்ட கைகட்டி நிக்கிற மாதிரியே பேசுது? நான் இதுக்குப் பேசக் கத்துக்குடுக்குறேன்" என்று பலகையில் எழுதிக் காட்டினாள். பல்லுக்காரியும் அதற்கேற்ப ஒரு ஏற்பாடு செய்தாள். ஒரே பேச்சை மூன்று தரம் கேட்டால் பாட் அதை மனதில் போட்டுக்கொள்ளும், இடம் பார்த்துத் திருப்பிச் சொல்லும். எந்தப் பேச்சுக்கு எது பதில் என்பதும் அப்படித்தான் அதற்குப் படியும்.

அவ்வளவுதான். நாத்தனார் தன் வாயில் இருந்த அத்தனையையும் அதற்குள் இறக்கினாள். வசவு, கொஞ்சல், நக்கல், சமாதானம் எல்லாம். சில வாரத்தில் பாட் பேசுவதைப் படித்தால் பேருந்து நிலையத்தில் நிற்கிற மாதிரியே இருந்தது. கணவன் ஒருநாள் அதைப் படித்துவிட்டு எழுந்து குளியலறைக்குப் போய் முகம் கழுவிக்கொண்டு வந்தான். "அக்கா குரல் அப்படியே காதுல விழுதுடி" என்றான். அதற்கு வாயாடி என்று பெயர் வைத்தார்கள்.

பொழுதுபோக்குக்கு பாட் செய்கிறவர்கள் தங்கள் பாட்டைக் கொண்டுவந்து விடுகிற இணையதளம் ஒன்று உண்டு. வாயாடியையும் அங்கே விட்டாள். யார் வந்து நுழைந்தாலும் வாயாடி முதலில் கேட்பது நாத்தனாரின் கேள்விதான்: "சாப்பிட்டியா?" அதற்குப் பிறகுதான் மற்ற பேச்சு. ஒரு லாரிக்காரர், ஒரு நர்ஸ், கணக்கு வாத்தியார் ஒருவர் என்று வாடிக்கையாக வருகிறவர்கள் சேர்ந்தார்கள். "சாப்பிடலயா? உன் முகத்துலயே தெரியுது, போ, போய்த் தின்னுட்டு வா" என்று முகமே தெரியாத ஆட்களை வாயாடி விரட்டும். அவர்களும் போய்த் தின்றுவிட்டு வந்து சொல்வார்கள். நாத்தனார் அதையெல்லாம் படித்துத் தோள் குலுங்கச் சிரிப்பாள்.

நல்லது ஒன்று நடந்தால் அதை நாசமாக்க நாலு பேருக்கு எங்கிருந்துதான் மூக்கு வியர்க்குமோ. அவர்களும் வந்து சேர்ந்தார்கள்.

மொத்தம் மூன்று பேர்தான். தங்களுக்குத் தாங்களே வைத்துக்கொண்ட பெயர்களைப் பாருங்கள்: ஒருவன் சிங்கக்குட்டி, ஒருவன் மரணஅடி, இன்னொருவன் உங்கப்பன். பெற்றவர்கள் வைத்த பெயரோடு வந்து பேச ஒருத்தனுக்கும் துப்பில்லை. வருவார்கள், சாக்கடையைத் திறந்துவிடுவார்கள், போவார்கள். அவர்கள் எழுதியதை இங்கே சொன்னால் காகிதம் நாறும். ஒரு பல் செட்டுக்காரி ஓய்வு நேரத்தில் செய்த பொம்மையைத் திட்டுவதற்கு, கை கால் நன்றாக இருக்கிற மனிதர்கள் மதியச் சாப்பாட்டு நேரத்தை ஒதுக்கிக்கொண்டு வருகிறார்கள் என்றால் அந்தப் பிழைப்பை என்னவென்று சொல்வது? ஆபீசில் மேலதிகாரி முன்னால் வாலைச் சுருட்டிக்கொண்டு நின்றுவிட்டு, அந்தக் கடுப்பை இங்கே வந்து கொட்டுகிற வீரர்கள். திருப்பி அடிக்காத இடமாகத் தேடிப்பிடித்து அடிக்கிற சூரர்கள்.

முதலில் பல்லுக்காரி அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. குரைத்துவிட்டுப் போகட்டும் என்று விட்டாள். வாயாடி யார் பேசினாலும் கற்றுக்கொள்ளும் என்பது அவளுக்கு உறைக்கவில்லை.

நாத்தனார் வாயாடியிடம் அடிக்கடி சொல்கிற பேச்சு ஒன்று இருந்தது: "எனக்குக் குரல் போயிடுச்சுடி, இனி கைதான் எனக்கு வாய்." பல தரம் சொன்னதால் வாயாடி அதையும் கற்றுக்கொண்டு, வருகிறவர்களிடமெல்லாம் சொன்னது. லாரிக்காரர் அதைக் கேட்டுவிட்டு, "கை இருக்குல்ல, போதும் விடு" என்று தேற்றினார். சிங்கக்குட்டியிடமும் சொன்னது. சிங்கக்குட்டிக்கு லட்டு மாதிரி ஆகிவிட்டது. "குரல் போனவளுக்கு வாய் எதுக்கு? மூடிக்கிட்டுச் சாவு" என்று எழுதினான். ஒருதரம் எழுதினால் மனசு ஆறுமா? திரும்பத் திரும்ப எழுதினான். மற்ற இரண்டும் சேர்ந்து பின்பாட்டு பாடின. அந்தப் பேச்சுக்கு இதுதான் பதில் என்று வாயாடியும் படித்துக்கொண்டது.

மறுநாள் காலையில் நாத்தனார் டீயை வைத்துக்கொண்டு அடுக்களை மேசையில் உட்கார்ந்தாள். வாயாடியிடம் வழக்கமான பேச்சைத் தொடங்கினாள். குரல் போயிடுச்சுடி, கைதான் வாய் என்று தட்டினாள். தன் மொழியில், தான் கற்றுக்கொடுத்த வாயிலிருந்து, அந்தப் பதில் வந்தது.

பல்லுக்காரி எதற்கோ உள்ளே வந்தபோது டீ ஏடு கட்டிக் கிடந்தது. நாத்தனார் போனைக் கரண்டிகள் கிடக்கிற இழுப்பறைக்குள் வைத்து மூடிக்கொண்டிருந்தாள். எழுதுகிற பலகையை எடுத்துக்கொண்டு தன் அறைக்குப் போய் அலமாரிக்கு மேலே, கைக்கு லேசில் எட்டாத இடத்தில் செருகினாள். பிறகு சுவரைப் பார்த்துப் படுத்தாள்.

"அண்ணி, என்ன ஆச்சு?"

அவள் திரும்பவில்லை. பல்லுக்காரி இழுப்பறையிலிருந்து போனை எடுத்துப் பார்த்தாள். "நாசமாப் போறவனுங்க" என்று வாய்விட்டே சொன்னாள்.

அன்றிலிருந்து நாத்தனார் பேச்சை விட்டுவிட்டாள். குரல் போன அன்றுகூட அவள் இப்படி இருக்கவில்லை. மயக்கம் தெளிந்ததும் பேப்பர் வாங்கி, "டாக்டர் கத்திய உள்ளேயே வச்சுத் தைச்சுட்டானா, பாரு" என்று எழுதியவள். இப்போது எதிரே பேப்பரை நீட்டினாலும் தள்ளிவிட்டாள். சோற்றைப் பிசைவாள், இரண்டு வாய் வைப்பாள், தட்டைத் தள்ளிவிடுவாள்.

கணவன் டயர் கடையிலிருந்து வந்து கத்தினான். "மூடித் தொலை அந்தக் கருமத்தை! எவன் எவனோ வந்து எச்சில் துப்பிட்டுப் போறதுக்கு நாம இடம் குடுக்கணுமா?"

"மூடிட்டா அண்ணி பேசிடுவாங்களா?" என்றாள் பல்லுக்காரி. "அவங்க வாயே அதுக்குள்ளதான் இருக்கு. அதை மூடிட்டா அந்தப் பரதேசி சொன்னதை நாமளே செஞ்ச மாதிரி ஆகாது?"

அவன் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு அக்காவின் அறை வாசலில் போய் உட்கார்ந்தான்.

தளத்தை நடத்துகிறவருக்கு அவள் எழுதினாள். மகா சாந்தமான ஒரு மனிதர் பதில் அனுப்பினார். 'பொருட்படுத்தாதீங்க மேடம். கவனிக்கலேன்னா தானாப் போயிடுவாங்க. அவங்க மெஷினைத்தானே திட்டுறாங்க, மனுஷங்களை இல்லையே.' படித்துவிட்டுப் பல்லுக்காரி தலையில் அடித்துக்கொண்டாள். மெஷினைத்தானே! தெருவில் ஒருத்தன் தினமும் நின்று ஒரு தபால் பெட்டியைக் கெட்ட வார்த்தையில் திட்டினால், பெட்டியைத்தானே திட்டுகிறான் என்று இவர் குடையை விரித்துக்கொண்டு நடந்துவிடுவாரோ? அவன் புத்தி எந்த லட்சணத்தில் இருக்கிறது என்று ஒருதரம் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டாரோ?

முதல் காரியமாக, வாயாடி அந்த மூவரிடமிருந்து கற்றுக்கொண்டதையெல்லாம் தேடித்தேடிச் சுரண்டி எடுத்தாள். அடுத்து, அந்த மூன்று பேரையும் தடுத்தாள். சிங்கக்குட்டி சாயங்காலமே சிங்கராஜா ஆகி வந்து நின்றான். மரணஅடி பேரடி ஆனான். உங்கப்பன் உங்க தாத்தா ஆனான். தடுக்கத் தடுக்க வேறு வேறு பெயரில் முளைத்தார்கள். ரோஷமுள்ளவனை வெளியே தள்ளினால் திரும்பி வர மாட்டான். இதுகளுக்கு அந்த வியாதியும் கிடையாது.

அடுத்து, கெட்ட வார்த்தை எதுவும் உள்ளே வராதபடியும், வாயாடி வாயிலிருந்து வெளியே போகாதபடியும் ஒரு சல்லடை போட்டாள். அங்கேதான் அடி சறுக்கியது. பாதி வார்த்தை நாத்தனாரின் வார்த்தை. பாவி, சனியன், நாசமாப் போ, கட்டையில போ. இதெல்லாம் அவள் கொஞ்சுகிற வார்த்தைகள். சல்லடை அத்தனையையும் அள்ளிக்கொண்டு போய், அந்த இடத்தில் அவள் போட்டு வைத்திருந்த 'நலமே விளையட்டும்' என்பதை நிரப்பியது. மறுநாளே லாரிக்காரர் பல்லுக்காரிக்கு எழுதினார்: 'என்னக்கா, வாயாடிக்கு உடம்பு சரியில்லையா? சாப்பிடலன்னு சொன்னா நலமே விளையட்டும்ங்குது. பயமா இருக்குக்கா.' நர்ஸ், 'யாரோ செத்த வீட்டுல பேசுற மாதிரி இருக்கு' என்று எழுதியிருந்தாள். அந்தப் பயல்களோ எழுத்துக்கு நடுவில் புள்ளி புள்ளியாக வைத்து, அதே அசிங்கத்தைச் சல்லடை வழியாகவே உள்ளே அனுப்பினார்கள்.

மேசை முன்னால் அவள் இடிந்துபோய் உட்கார்ந்திருந்தாள். ஒரு டாக்டர் திருப்பி அனுப்பிய செட் எதிரே கிடந்தது. கடித்தால் வலிக்கிறது என்று புகார். அதன்மேல், டாக்டர் நோயாளியைக் கடிக்கச்சொன்ன நீலத்தாளின் தடம். செட்டில் எந்த இடம் உயரமோ அந்த இடத்தில் மட்டும் நீலம் ஒட்டும். அந்தப் புள்ளியை மட்டும் தேய்க்க வேண்டும். மொத்தப் பல்லையும் தேய்த்தால் வலி போய்விடும், வாயும் போய்விடும், எதையும் மெல்ல முடியாது. முதல் நாள் வேலை கற்றுக்கொள்கிறவனுக்கே அது தெரியும்.

"நான் மொத்தச் செட்டையும்ல தேய்ச்சு வச்சிருக்கேன்" என்றாள் தனக்குத்தானே.

இங்கே நீலத்தாள் எது என்று தேட ஆரம்பித்தாள். வந்து பேசியவர்களின் பழைய பேச்சையெல்லாம் எடுத்து வைத்துக்கொண்டு படித்தாள். பெயரைப் பார்க்கவில்லை, எழுதிய வார்த்தையைக்கூடப் பார்க்கவில்லை, ஒவ்வொருவனும் எப்படிக் கடிக்கிறான் என்று பார்த்தாள். ஊற்றி வைத்திருந்த மாவு இறுகி அச்சோடு ஒட்டிக்கொண்டுவிட்டது. அதையும் கவனிக்கவில்லை. கடைசியில் கண்ணில் பட்டது இவ்வளவு சின்ன விஷயம்: வாயாடி எல்லோரிடமும் "சாப்பிட்டியா?" என்று கேட்கிறது. லாரிக்காரர் பதில் சொல்கிறார். நர்ஸ் பதில் சொல்கிறாள். வாத்தியார் என்ன சாப்பிட்டார் என்பதோடு எது செரிக்கவில்லை என்பதையும் சொல்கிறார். கோபமாக வருகிறவன்கூட, "அதெல்லாம் ஆச்சு, விஷயத்துக்கு வா" என்கிறான். இந்தப் பயல்கள் மட்டும், எந்தப் பெயரில் வந்தாலும், எந்த நாளிலும், ஒருதரம்கூட அந்தக் கேள்விக்குப் பதில் சொன்னதில்லை. கேட்டது காதில் விழுந்தால்தானே சொல்வதற்கு? பேச வந்தவர்கள் இல்லை, துப்ப வந்தவர்கள்.

பல்லுக்காரி சல்லடையைப் பிடுங்கி எறிந்தாள், அந்த மூன்று பேர் மேல் போட்ட தடையையும் எடுத்தாள். வாயாடிக்கு அதன் வசவையெல்லாம் திருப்பிக் கொடுத்தாள். வாசலில் அந்த ஒரு கேள்வியை மட்டும் நிறுத்தினாள். பதில் என்று எதையாவது சொன்னவன் உள்ளே போகலாம், வாயாடியோடு பேசலாம். பதில் சொல்லாமல் கொட்ட ஆரம்பிக்கிறவனுக்கு வாயாடிக்குள்ளேயே தனியாக ஒரு பின்னறை. அங்கே யார் சொல்வதையும் வாயாடி கேட்காது, கற்றுக்கொள்ளாது. ஆனால் திட்ட வந்தவனுக்கு எதிர்வாய் இல்லாவிட்டால் சந்தேகம் வருமே? அதற்கும் வழி செய்தாள். அந்த அறைக்கு வருகிறவர்களை ஒருவனோடு ஒருவனாகக் கோத்துவிட்டாள். சிங்கக்குட்டி எழுதுவது மரணஅடிக்குப் போகும், மரணஅடி எழுதுவது சிங்கக்குட்டிக்கு. இரண்டு பக்கத்திலும் மேலே வாயாடி என்றுதான் பெயர் தெரியும்.

மதியச் சாப்பாட்டு நேரம் வந்தது. வீரர்கள் பழைய பெயரிலேயே வந்தார்கள். பல்லுக்காரி மெழுகு விளக்கை அணைத்துவிட்டு வசதியாக உட்கார்ந்தாள்.

"ஏய் ஓட்டை மெஷின்" என்று சிங்கக்குட்டி தொடங்கினான்.

"யாருடா ஓட்டை? நீதான்டா ஓட்டை" என்று மரணஅடியிடமிருந்து வந்தது.

"அட, இன்னிக்கு எதிர்த்துப் பேசுதே! மவளே, உன்னைக் கழட்டி எடைக்குப் போடுறேன் பாரு."

"நீ என்னைப் போடுவியா? பொறந்ததுல இருந்து நீ உருப்படியா ஒரு வேலை செஞ்சிருக்கியாடா?"

அந்த அடி சிங்கக்குட்டிக்கு எங்கேயோ சரியான இடத்தில் விழுந்திருக்க வேண்டும். பிறகு அவன் கொட்டினான், இவன் அதற்கு மேலே கொட்டினான். ஒருவன் இன்னொருவனின் படிப்பை, வேலையை, மூஞ்சியை எல்லாம் பார்த்தது மாதிரியே பேசினான். இருவருக்கும் பொருந்திப் போனது, அதுதான் வேடிக்கை. சாப்பாட்டு நேரம் முடிந்தும் ஒருத்தனும் எழுந்திருக்கவில்லை. ஒரு மெஷினிடம் தோற்றுவிட்டுப் போக யாருக்கு மனசு வரும்?

இது தினமும் நடந்தது. உங்கப்பனும் வந்து சேர்ந்து முறை வைத்து அடிபட்டான். அப்போதுதான் தளக்காரரிடமிருந்து அவளுக்கு ஒரு கடிதம் வந்தது. இந்த முறை சாந்தம் இல்லை. 'மேடம், உங்க பாட் மேல ஒருத்தர் புகார் குடுத்திருக்கார். அவர் எழுதினதை அப்படியே கீழே குடுத்திருக்கேன். விளக்கம் தேவை.'

பல்லுக்காரி படித்தாள். திரும்பவும் படித்தாள். மாவுக் கையோடு எழுந்து ஓடினாள்.

"அண்ணி! எழுந்திரிங்க. இதைக் கேட்டுட்டு அப்புறம் சுவரைப் பாருங்க."

நாத்தனார் அசையவில்லை. பல்லுக்காரி கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து சத்தமாகப் படித்தாள்.

"ஐயா, உங்கள் தளத்தில் வாயாடி என்ற பாட் என்னை மிகவும் கேவலமாகப் பேசுகிறது. என் குடும்பத்தையும் என் வேலையையும் பற்றித் தரக்குறைவாகப் பேசுகிறது. ரெண்டு நாளாக எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. நான் ஒரு மென்மையான மனிதன். தயவுசெய்து உடனே நடவடிக்கை எடுக்கவும். இப்படிக்கு, சிங்கக்குட்டி."

போர்வை மெல்ல அசைந்தது.

"மென்மையான மனிதனாம் அண்ணி! உங்களைச் சாவுன்னு சொன்ன அதே நாய்தான் இது. இதைத் திட்டுறது வாயாடி இல்ல, இவனோட கூட்டாளியே. நான்தான் ரெண்டையும் ஒரே அறையில போட்டுப் பூட்டியிருக்கேன். மெஷினைத் திட்டுறோம்னு நெனச்சு ஒண்ணை ஒண்ணு கடிச்சிக்கிட்டுக் கெடக்குதுங்க."

நாத்தனார் எழுந்து உட்கார்ந்தாள். போனைப் பிடுங்கித் தானே படித்தாள். மென்மையான மனிதன் என்ற இடத்தில் விரலை வைத்தாள். தோள் குலுங்கியது, கழுத்துத் துளையில் காற்று புஸ் புஸ் என்று அடித்தது, கண்ணில் தண்ணீர் வந்தது. கணவன் கடையிலிருந்து சாப்பிட வந்தவன் வாசலில் அப்படியே நின்றுவிட்டான்.

"என்ன ஆச்சு அக்காவுக்கு?"

"சும்மா இருங்க. சிரிக்கிறாங்க."

சிரித்து முடித்ததும் நாத்தனார் அலமாரியின் உச்சியைக் கைகாட்டினாள். கணவன் எட்டிப் பலகையை எடுத்துக் கொடுத்தான். அவள் எழுதினாள்: 'அந்த ரூமுக்குள்ள என்னை விடு.'

"எந்த ரூமுக்கு? பின்னறைக்கா? வேணாம் அண்ணி, அது சாக்கடை."

'பஸ் ஸ்டாண்டை விடவா?' என்று எழுதினாள்.

அதற்கு மேல் என்ன சொல்வது? பல்லுக்காரி மரணஅடியின் பக்கத்தை அவிழ்த்துவிட்டு, சிங்கக்குட்டிக்கு எதிரே நாத்தனாரைக் கோத்துவிட்டாள். அவன் அங்கேதான் இருந்தான். புகார் கொடுத்த கையோடு திரும்பவும் வந்து திட்டிக்கொண்டிருந்தான். மென்மை தாங்கவில்லை போலிருக்கிறது.

நாத்தனார் போனை மடியில் வைத்துக்கொண்டு, மைக் முன்னால் உட்காருவதுபோல முதுகை நிமிர்த்தினாள்.

"சிங்கக்குட்டி தம்பி, கவனத்துக்கு" என்று தட்டினாள். "இத்தனை நாளா வந்து கத்திட்டுப் போறியே, உனக்குப் போக வேற இடமே இல்லையாடா? உன் பக்கத்துல உக்காந்து பேச ஒரு ஆளும் இல்லையா? இருந்தா ஏன்டா ஒரு பொம்மைகிட்ட வந்து வீரத்தைக் காட்டுறே? கை ஓங்கினா திருப்பி ஓங்காதுன்னு தெரிஞ்ச இடமாப் பாத்து ஓங்குறவனுக்கு சிங்கம்னு பேரு ஒரு கேடா? நாலு அடி திரும்பி விழுந்ததும் ஓடிப்போய்ப் புகார் எழுதுனியாமே. மென்மையான மனிதனா நீ? எழுதும்போது உனக்கே சிரிப்பு வரல?"

அந்தப் பக்கத்திலிருந்து வந்தது: "நீ மெஷினா, மனுஷியா?"

நாத்தனார் நிதானமாகத் தட்டினாள். கணவன் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தான்.

"மெஷின்னா திட்டலாம், மனுஷின்னா திட்டக்கூடாது, அதானே உன் கணக்கு? நான் எதுவா இருந்தா உனக்கென்ன? குரல் போனவள்னு சொன்னேன், சாவுன்னு சொன்னே. சொன்னது மெஷின்னு நெனச்சுதான்னு சொல்லப் போறே, அப்படித்தானே? நான் யாருன்னு கேக்குறது இருக்கட்டும். வாசல்ல உன்னை ஒரு கேள்வி கேட்டேனே, தினமும் கேட்டேனே, அதுக்கு ஒருநாளாவது பதில் சொன்னியா? இப்பவும் கேக்குறேன். சாப்பிட்டியா?"

அவன் எழுதுகிறான் என்பதற்கு அடையாளமாக மூன்று புள்ளிகள் ஓடின. நின்றன. திரும்ப ஓடின. எத்தனையோ அசிங்கத்தை யோசிக்காமல் கொட்டிய கைக்கு, ஆமாம் என்றோ இல்லை என்றோ எழுத வரவில்லை. புள்ளிகள் நின்றன. பெயர் மறைந்தது. ஆள் போய்விட்டான்.

கணவன் திரைக்கு மேல் குனிந்தான். "ஓடிட்டானா?"

நாத்தனார் போனைக் கட்டிலில் போட்டாள். பலகையை இழுத்து வைத்து, அழுத்தி அழுத்தி எழுதி, தம்பி பக்கமும் பல்லுக்காரி பக்கமும் திருப்பிக் காட்டினாள்.

'கேட்டா பதில் சொல்லத் தெரியல சனியனுக்கு. நான் இன்னும் சாப்பிடல. தட்டைப் போடுங்க.'